தரைக்கு அடியில் ஓதம்: டைல்ஸ், வினைல், மரத்தளம் போடுவதற்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் பக்கத்து வீடுகளின் கீழ்த்தளக் கான்கிரீட் தரையில் ஏறும் ஓதத்தை, அதாவது ஈரக்கசிவைப் பற்றியது இது. பேஸ்மென்டில் மண் நிரப்பி, கெட்டித்து, மேலே ஜல்லிக் கான்கிரீட் போட்ட தரை. பெரும்பாலான வீடுகளில் மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஒரு பாலிதீன் தாள்கூட இருக்காது. பாதித் தொந்தரவு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

தரை நல்லா காஞ்ச மாதிரித்தானுங்க தெரியுது. அப்புறம் எதுக்குங்க டெஸ்ட் எல்லாம்?

காய்ந்திருப்பது மேல்தோல் மட்டும். திறந்து கிடக்கும் கான்கிரீட்டில் அடியிலிருந்து ஏறும் ஈரம் மேலே வந்ததும் காற்றில் போய்விடும். அதனால் கண்ணுக்கும் காலுக்கும் தெரியாது. அதன் மேல் வினைலோ மரமோ ஒட்டியதும் போகிற வழி அடைபடுகிறது. அடியில் இருந்த ஈரம் சில வாரங்களில் மேல்வரை சமமாகப் பரவி, பசையில் வந்து நிற்கும். சிமெண்டின் காரம் கலந்த ஈரம் அது. தண்ணீரில் கரையும் வகைப் பசை மறுபடி கூழாகிவிடும், மற்றவை பிசுபிசுத்துப் பிடிப்பை விடும். போட்ட அன்று அருமையாக இருந்த தளம் நாலாம் மாதம் மூட்டு மூட்டாக எழும்புவது இப்படித்தான்.

எந்த மாசத்துல சோதிச்சா சரியாத் தெரியுங்க?

இந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இது. சித்திரை, வைகாசியில் சோதித்து "ஓதமே இல்லை" என்று எழுதிக்கொண்டால் அது அந்த இரண்டு மாதத்துக்குத்தான் செல்லும். நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. நிலத்தடி நீர் ஏறி நிற்கும் அந்தச் சமயத்தில், அல்லது மழை விட்டு இரண்டு மூன்று வாரத்துக்குள் பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

வாய்க்கால் பாசனப் பகுதிகளில் கணக்கு வேறு. கீழ்பவானி வாய்க்காலில் வழக்கமாக ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் தண்ணீர் விடுவார்கள். அது மண் வாய்க்கால். கசிவு நீரால் சுற்றுவட்டாரக் கிணறுகள் ஊறும். கான்கிரீட் போட வேண்டாம் என்று விவசாயிகளில் ஒரு சாரார் வாதிடுவதே அந்தக் கசிவை நம்பித்தான். கிணற்றுக்கு வரும் அதே ஊற்று வீட்டு அடித்தளத்துக்கும் வரும். மழையே இல்லாத ஆவணியில் கோபி, பெருந்துறைப் பக்கம் தரை ஓதம் அடித்தால் ஆச்சரியப்பட வேண்டாம். 13-ஆம் நூற்றாண்டில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்கால் ஓரமும், பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) வாய்க்கால் ஆயக்கட்டும், நொய்யல் குளங்களை ஒட்டிய கோவைத் தெருக்களும் இதே கதைதான். வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது, குளம் நிரம்பியிருக்கும்போது சோதியுங்கள்.

காத்திருக்க முடியாது, கோடையிலேயே தரை போட்டாக வேண்டும் என்றால், சோதனை என்ன சொன்னாலும் ஈரம் வரும் என்று வைத்துக்கொண்டே தடுப்புப் பூச்சுக்குத் திட்டமிடுங்கள்.

பாலிதீன் ஒட்டிப் பார்க்கிறது எப்படிங்க?

ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, கண்ணாடி போலத் தெரியும் தாள். கறுப்புத் தார்ப்பாய் வேண்டாம், அடியில் நடப்பது தெரியாது. தரையைக் காய்ந்த துடைப்பத்தால் கூட்டி, தூசியைத் துணியால் எடுத்துவிட்டு, தாளை நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் அகல டேப்பால் ஒட்டுங்கள். தூசி இருந்தால் டேப் இரவோடு இரவாகக் கிளம்பிவிடும். அந்தச் சோதனை செல்லாது. அறை நடுவில் ஒன்று, வெளிச்சுவர் ஓரம் ஒன்று, பாத்ரூம் பக்கம் ஒன்று என மூன்று இடம் வேண்டும். வெயில் நேரடியாக விழும் இடம் ஆகாது. குறைந்தது 16 மணி நேரம் என்பது விதி. மூன்று நாள் விடுவது நல்லது.

பிரிக்கும்போது இரண்டைப் பாருங்கள். தாளின் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கிறதா? தாள் இருந்த சதுரம் மட்டும் சுற்றியுள்ள தரையைவிடக் கறுத்திருக்கிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் ஈரம் கான்கிரீட்டிலிருந்து வருகிறது. நீர் தாளின் மேல்பக்கம் நின்றால் அது அறைக் காற்றின் ஈரம்.

ஒன்றும் தெரியாவிட்டால் தரை தேறிவிட்டது என்று அர்த்தமில்லை. மோசமான தரையை உடனே காட்டிக்கொடுக்கும், நல்ல தரைக்குச் சான்று தராது. இந்தச் சோதனையின் எல்லை அவ்வளவுதான்.

அதைவிட நம்பகமான அளவு ஏதாவது உண்டுங்களா?

தரைக்குள் துளை போட்டு ஈரப்பதம் அளப்பது. ஏஎஸ்டிஎம் எஃப் 2170 என்ற அமெரிக்கத் தர முறை. மேல்பக்கம் மட்டும் காயும் தரையில், கனத்தில் 40 சதவீத ஆழத்துக்குத் துளை: 4 இஞ்ச் கான்கிரீட்டுக்கு ஏறத்தாழ 40 மி.மீ. துளைத்த தூளை உறிஞ்சி எடுத்து, குழல் செருகி, மூடி, 24 மணி நேரம் கழித்து அளவு எடுக்க வேண்டும். அந்த ஆழத்து அளவுதான், தளத்தை மூடிய பிறகு பசை சந்திக்கப்போகும் ஈரத்துக்கு அருகில் இருக்கும்.

வீட்டளவில், நூறுகளில் கிடைக்கும் டிஜிட்டல் ஈரமானி ஒன்றைத் தரையில் வைத்து, மேலே பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றி டேப்பால் காற்றுப் புகாமல் அடைத்து, மூன்று நாள் விட்டும் பார்க்கலாம். வினைல் போன்றவற்றுக்கு 75 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும் என்பது பிரிட்டனில் உள்ள நடைமுறை. மரத்துக்கு அதைவிடக் குறைவாகக் கேட்பார்கள். கம்பெனித் தாளில் உள்ள எண்ணே கணக்கு.

மலிவான ஈரமானி பொய் சொல்லும். சரிபார்க்கச் சமையலறையே போதும். பாட்டில் மூடி ஒன்றில் சாப்பாட்டு உப்பை நிரப்பி, கூழ்போல நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் சொட்டுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. அதையும் ஈரமானியையும் ஒரே டப்பாவில் போட்டு ஒரு நாள் மூடி வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். மானி 80 காட்டினால் உங்கள் மானி 5 கூடக் காட்டுகிறது. தரையில் எடுக்கும் அளவில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டிய வரம்பும் அதே 75 என்பதால் இது ரொம்ப வசதி.

இரண்டு ஊசி குத்திப் பார்க்கும் மீட்டரைக் கான்கிரீட்டில் நம்ப வேண்டாம். உப்பு இருந்தாலே அளவு எகிறும். எந்த மூலையில் அதிகம், எங்கே குறைவு என்று ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் ஆகும்.

ஓதம் எங்கிருந்து வருதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?

பூச்சு வாங்கும் முன் இதை முடித்துவிட வேண்டும். நான்கு வழிகள்தான்.

மண்ணிலிருந்து ஏறுவது: அறை முழுக்கப் பரவலாக இருக்கும், வெளிச்சுவர் ஓரம் கூடுதல். மழையோடும் வாய்க்காலோடும் கூடும், குறையும். சுவரிலும் ஒன்றிரண்டு அடி உயரத்துக்குப் பூச்சு உப்பி உதிரும்.

குழாய்க் கசிவு: ஒரே இடத்தில் திட்டு, வருஷம் முழுக்க. இரவு எல்லாக் குழாயையும் மூடி, மேல்தொட்டி மட்டத்தைக் குறித்து வைத்துக் காலையில் பாருங்கள். சம்ப்பையும் (தரைக்கடித் தொட்டி) அதேபோலக் குறித்து 24 மணி நேரம் புழங்காமல் விடுங்கள். பாத்ரூம் தரைக்கு, வடிகால் வாயைத் துணியால் அடைத்து ஓர் இஞ்ச் தண்ணீர் ஒரு நாள் நிறுத்திப் பக்கத்து அறைச் சுவரைக் கவனிக்க வேண்டும்.

புதுக் கான்கிரீட்டின் சொந்த ஈரம்: தரை போட்டு ஆறு மாதம் ஆகவில்லை என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். மாடித் தளத்துக்கு மண் ஓதம் வராது. அங்கே ஈரம் என்றால் இது அல்லது கசிவு.

வேர்த்தல்: ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் ஈரத்தோடு வரும். குளிர்ந்த தரையில் பட்டதும் வேர்க்கும். துணியால் துடைத்து ஃபேன் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். இதற்கு ஓதத் தடுப்புப் பூச்சு அடிப்பது வீண் செலவு. அதே ஆடிக்காற்று காங்கயம், தாராபுரம், கரூர் போய்ச் சேரும்போது வறண்டுவிடும்; அங்கே தரை காய அதுதான் நல்ல பருவம்.

புதுசா கான்கிரீட் போட்டிருக்கோம். எத்தனை நாள் விடணுங்க?

நல்ல காற்றோட்டத்தில், முதல் 50 மி.மீ. கனத்துக்கு மில்லிமீட்டருக்கு ஒரு நாள், அதற்கு மேல் கூடுதல் நாள் என்பது பொதுக் கணக்கு. க்யூரிங் (தண்ணீர் விட்டு இறுக வைப்பது) முடிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். 3 இஞ்ச் தரைக்கு மூன்று மாதமாவது. 4 இஞ்ச்சுக்கு அதைவிட நெடுநாள். ஐப்பசி, கார்த்திகையைக் காயும் நாள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஏன் இத்தனை நாள்? பத்துக்குப் பத்து அறையில் 3 இஞ்ச், 1:2:4 கலவை (சிமெண்ட், மணல், ஜல்லி) என்றால் ஏறத்தாழ நாலரை மூட்டை சிமெண்ட், 225 கிலோ. கலக்க 115 முதல் 120 லிட்டர் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். சிமெண்ட் இறுகும்போது தன் எடையில் கால் பங்கு நீரைத்தான் கட்டிக்கொள்ளும், அதாவது 55 லிட்டர் போல. மிச்சத்தில் கொஞ்சம் துளைகளில் தங்கும்; மற்றதெல்லாம் அந்த ஒரே மேல்பரப்பு வழியாகத்தான் வெளியேற வேண்டும். சித்தாள் கை தாராளமாகி இரண்டு குடம் கூட ஊற்றினால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது ஏழு நாளோடு நிற்கட்டும். நடுவில் தரையைக் கழுவினால் எண்ணிக்கையை மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

ஜன்னலைத் திறந்து பெடஸ்டல் ஃபேன் வைப்பது உதவும். ஹாலோஜன் விளக்கு, ஹீட்டர் வைத்து மேல்தோலை மட்டும் சுடுவது உதவாது.

தரையில வெள்ளையா உப்பு பூக்குதுங்க. அது என்னங்க?

கொஞ்சம் சுரண்டி இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றை டம்ளர் தண்ணீரில் போடுங்கள், ஒன்றின் மேல் வினிகர் சொட்டுங்கள். தண்ணீரில் கரையாமல் வினிகரில் நுரைத்தால் அது சிமெண்டிலிருந்து வந்த சுண்ணாம்பு, பெரிய ஆபத்தில்லை. நுரைக்காமல் தண்ணீரில் கரைந்துவிட்டால் மண்ணிலிருந்தோ, கலவைக்கு ஊற்றிய உப்புத் தண்ணீரிலிருந்தோ வந்த உப்பு. அது காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும், பூச்சுக்கு அடியில் படிகமாகிப் பூச்சையே தள்ளிவிடும்.

இரண்டையும் கம்பி பிரஷ் கொண்டு காய்ந்தபடியே தேய்த்து உறிஞ்சி எடுங்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். ஆசிட் ஊற்றுவது அதைவிட மோசம். புது உப்பை நாமே ஊற்றுகிறோம்.

நொய்யலின் கீழ்ப்பகுதியில் சாயக்கழிவு நிலத்தடி நீரை எப்படி உப்பாக்கியது என்பது ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பக்கமும், உப்பு போர் உள்ள மற்ற இடங்களிலும் கலவைக்கும் க்யூரிங்குக்கும் லாரித் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ வாங்குவது நல்லது. ஐஎஸ் 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி) வரம்பு: கம்பி இல்லாத கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 2000 மி.கி., கம்பி கட்டியதற்கு 500, சல்பேட் 400, பிஎச் 6-க்குக் குறையக் கூடாது. ஒரு பாட்டில் தண்ணீரை லேபில் கொடுத்தால் இந்த எண்களை எழுதித் தருவார்கள்.

உள்ளே கை வைக்கிறதுக்கு முன்னாடி வெளியில என்ன செய்யணுங்க?

பல வீடுகளில் பாதி ஓதம் இங்கேயே தீர்ந்துவிடும். சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குச் சிமெண்ட் தளம், வெளிப்பக்கம் சாய்வு: மூன்றடிக்கு ஓர் இஞ்ச் போதும். மாடித் தண்ணீர்க் குழாய் சுவரடியில் கொட்டாமல் தள்ளிப் போக வேண்டும். சுவரை ஒட்டிய பூச்செடிப் பாத்தியை எடுத்துவிடுங்கள். ரோடு போடப் போட உயர்ந்து, வீட்டு வாசல் பள்ளமாகிப்போன தெருக்களில் மழை நீர் பேஸ்மென்டிலேயே நிற்கிறது. வாசலில் ஒரு குறுக்கு வடிகால் இல்லாமல் உள்ளே எந்தப் பூச்சும் நிற்காது. கரிசல் மண் என்றால் கூடுதல் கவனம்: அது ஈரத்தைப் பிடித்து வைத்து உப்பும், காய்ந்தால் வெடிக்கும், தரையையும் கூடவே வெடிக்க வைக்கும்.

பழைய தரையை உடைச்சுப் போட்டே ஆகணுமுங்களா?

கான்கிரீட் தட்டினால் கணீரென்று இருந்து, வெடிப்பு இல்லை என்றால் வேண்டாம். எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பிசின் பூச்சு) ஓதத் தடுப்புப் போதும். பொதபொதவென்று கேட்டால், மண் இறங்கியிருந்தால், கடப்பாறை வைத்ததும் பெயர்ந்து வந்தால் உடைப்பதே மிச்சம்.

உடைத்தால் வரிசை இது: பழைய மண்ணைத் தேவையான ஆழம் எடுத்துக் கெட்டிக்க வேண்டும். அந்த மண் கரிசலாக இருந்தால் வெளியேற்றிவிட்டுக் கிராவல் நிரப்புங்கள். கரையான் மருந்து இப்போதே அடிக்க வேண்டும். அதன்மேல் ஒன்றரை இஞ்ச் ஜல்லி, தூள் கலக்காமல், 4 முதல் 6 இஞ்ச். ஜல்லிக்கு நடுவே உள்ள பெரிய இடைவெளியில் தண்ணீர் மேலே ஏற முடியாது; தூள் கலந்தால் அந்தப் பலன் போச்சு. ஜல்லி முனை தாளைக் குத்தாமலிருக்க ஓர் இஞ்ச் எம்-சாண்ட். பிறகு 250 மைக்ரான் பாலிதீன். கடையில் 1000 கேஜ் என்று கேளுங்கள். இணைப்பில் குறைந்தது அரையடி ஒன்றன்மேல் ஒன்று ஏறி டேப் ஒட்ட வேண்டும். ஓரங்களைச் சுவரில் ஸ்கர்டிங் உயரம் வரை மடித்து ஏற்றுங்கள். தாளைத் தரையோடு வெட்டி நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பிறகு அறை நடு காய்ந்திருக்கும், சுவரோரம் மட்டும் அரையடி அகலத்துக்கு ஓதம் வளையமிடும்.

மேலே 3 இஞ்ச் 1:2:4 கான்கிரீட். நூறு சதுர அடிக்கு நாலரை மூட்டை சிமெண்ட், 11 கன அடி எம்-சாண்ட், 22 கன அடி முக்கால் இஞ்ச் ஜல்லி. பாண்டு கொட்டும்போது தாள்மேல் பலகை போட்டு நடக்கச் சொல்லுங்கள்.

எபாக்ஸி தடுப்பு எப்படிங்க அடிக்கிறது?

முதலில் டயமண்ட் கப் வீல் போட்ட கிரைண்டரால் மேல்தோலைச் சீவ வேண்டும். சிமெண்ட் பால் படலம், பழைய பசை, பெயிண்ட் எதுவும் இருக்கக் கூடாது. தண்ணீர் சொட்டினால் ஒரு நிமிஷத்துக்குள் உறிஞ்ச வேண்டும். முத்தாக நின்றால் இன்னும் சீவுங்கள். வெடிப்பை அகட்டி எபாக்ஸிப் பட்டியால் அடையுங்கள். தூசியை வாக்குவத்தால் எடுங்கள்.

ஓதத் தரைக்கென்றே விற்கும், கரைப்பான் கலக்காத இரண்டு பாகப் பொருளாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டு கோட்டும் தலா 250 மைக்ரான் என்றால், நூறு சதுர அடிக்கு ஒரு கோட்டுக்கு 2.3 லிட்டர், இரண்டுக்கும் 4.6. சீவிய தரை சொரசொரப்பாக இருப்பதால் ஐந்தரை லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டப்பாவை "இழுத்து" 200 சதுர அடிக்கு அடித்துக் காட்டுகிறவர் மிச்சப்படுத்துவது உங்கள் தடுப்பை.

சாயங்காலம் அடிப்பது நல்லது. காலையில் தரை சூடேற ஏற உள்ளே உள்ள காற்று விரிந்து வெளியே வரும். ஈரமான பூச்சில் ஊசித் துளை ஊசித் துளையாக விடும். அந்தத் துளை ஒவ்வொன்றும் ஓதத்துக்கு வாசல். தரை ஆறும் நேரத்தில் பூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும். கோடையில் இன்னொரு தொல்லை: வெப்பம் 10 டிகிரி ஏறினால் கலவை கெட்டியாகும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். வாளியிலேயே வைத்திருந்தால் சூடேறிக் கல்லாகும்; கலந்த உடனே தரையில் கொட்டிப் பரப்புங்கள்.

முதல் கோட் வடக்கு தெற்காக என்றால், மறுநாளுக்குள் இரண்டாவது கிழக்கு மேற்காக. சுவரில் ஸ்கர்டிங் உயரம் ஏற்றுங்கள். இரண்டாம் கோட் ஈரமாக இருக்கும்போதே காய்ந்த குவார்ட்ஸ் மணலைத் தரை தெரியாத அளவுக்குத் தூவி, மறுநாள் ஒட்டாததைக் கூட்டி எடுங்கள். மணல் இல்லாமல் வழுவழுவென்று விட்டால் டைல்ஸ் பசையோ லெவலிங் கலவையோ பிடிக்காது, தட்டாகப் பெயரும்.

தரையில் தண்ணீரே ஊற்றெடுத்து நிற்கும் இடத்தில் இது வேலைக்காகாது. முதலில் தண்ணீரை வெளியே வடிக்க வழி பாருங்கள்.

கலவையில ஊத்துற வாட்டர் ப்ரூஃப் லிக்விட் போதாதுங்களா?

போதாது. கலவை நீரை உறிஞ்சுவதைக் குறைக்கும். ஆவியாக ஏறும் ஈரத்தை நிறுத்தாது. ஊற்றுவதில் தவறில்லை, அதை நம்பி மரம் ஒட்டாதீர்கள்.

எந்தத் தளம் ஓதத்தைத் தாங்குமுங்க?

விட்ரிஃபைடு டைல்ஸ் தாங்கும். அது உறிஞ்சும் நீர் அரை சதவீதத்துக்குள். ஆனால் ஈரம் மூட்டு வழியாக வெளியேறும், கிரவுட்டில் உப்பு பூக்கும். கிரானைட் ஓரங்களில் கறுத்துச் சட்டம் போட்டதுபோலத் தெரியும். வெள்ளை மார்பிள் மஞ்சளாகும், அது திரும்பாது. எஸ்பிசி (கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) பலகை தானாகக் கெடாது என்பதால் "ஓதத்துக்கு எஸ்பிசி" என்று விற்கிறார்கள். அடியில் ஈரம் தேங்கிப் பூஞ்சை வாடை வருவதை அது தடுக்காது. லேமினேட்டும் மரமும் தடுப்பு இல்லாமல் கூடவே கூடாது. காவித் தரை (ரெட் ஆக்சைடு) பல தலைமுறை நின்றதற்கு ஒரு காரணம், அது ஈரத்தை மூடி வைக்காமல் மெல்ல விட்டுவிடுவது.

தாத்தா காலத்து ஓட்டு வீடுங்க, சுண்ணாம்புச் சுவர். ஆசாரத்துக்கு (முன்கூடத்துக்கு) டைல்ஸ் போடலாமுங்களா?

யோசித்துச் செய்யுங்கள். அந்தச் சுவரில் ஓதம் தடுக்கும் பெல்ட் கிடையாது. இதுவரை தரை வழியாகப் போன ஈரத்தை எபாக்ஸியால் அடைத்தால் அது சுவரைத் தேடிப் போகும். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் சுவர்ப் பூச்சு மூன்றடி வரை உதிரும். அப்படிப்பட்ட வீட்டுக்கு மறுபடி காவியோ, மெருகு ஏற்றாத கல்லோ, ஆத்தங்குடி டைல்ஸோ பொருந்தும். சுவரடியில் சிமெண்ட் பூச்சை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசுங்கள்.

மேஸ்திரிகிட்ட என்னென்ன பேசி எழுதிக்கணுங்க?

சோதனை செய்த தேதியும் அளவும், அறை வாரியாக. பாலிதீன் எத்தனை மைக்ரான், இணைப்பு எத்தனை இஞ்ச், சுவரில் எவ்வளவு உயரம். எபாக்ஸி எத்தனை லிட்டர். காலி டப்பாக்களை எண்ணிப் பார்க்கும் வரை எடுத்துச் செல்லக் கூடாது. கிரைண்டர் வேலை கூலியில் சேர்த்தியா, தனியா. கலவைக்கு எந்தத் தண்ணீர். அடுத்து, கதவு: புதுத் தளம் ஏறும் கனத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் சீவ வேண்டும், அது தச்சர் வேலையா இவர் வேலையா என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.